வெண்கலமா, பித்தளையா? பில் எழுதும் முன் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்

"வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி" என்ற பழமொழியைச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அதென்ன வெண்கலக் கடை? பித்தளைக் கடை என்றோ இரும்புக் கடை என்றோ சொன்னால் ஆகாதா? பித்தளை அண்டா கீழே விழுந்தால் நெளியும். மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்திவிடலாம். நல்ல வெண்கலமோ விழுந்தால் ஊரைக் கூட்டும். அடி பலமாகப் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்ட வெண்கலத்துக்கு அப்புறம் குரல் கிடையாது, விலையும் கிடையாது. ஆக, யானை புகுந்தால் சத்தமும் நஷ்டமும் ஒருசேர வரும் கடை வெண்கலக் கடைதான். பழமொழி சொன்ன பெரியவருக்கு இரண்டு உலோகத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆரணியில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உலோகத்தை உரசிப் பார்த்துப் பழகிய ஊர் இது. பட்டுச் சேலையின் சரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. விலை குறைந்த சரிகையில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி இருக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். உரசினால் வெள்ளி வெளுப்புக் காட்டும், செம்பு சிவப்புக் காட்டும். இது இங்கே நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே கல்யாண வீட்டார், முகூர்த்தப் பட்டு எடுத்த கையோடு சீர்ச் சாமான் எடுக்கப் பாத்திரக் கடைக்கு வருகிறார்கள். சமையல் சாமான் பட்டியலை மளிகைக் கடையில் கொடுக்கிறார்கள். வெண்கலப் பானை, உருளி, குத்துவிளக்கு, தாம்பாளம், சந்தனக் கும்பா என்று ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. அங்கே யாரும் எதையும் உரசிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் 'வெண்கலம்' என்றால் வெண்கலம். கடைக்காரருக்கோ மொத்த வியாபாரி சொன்னதுதான் வேதம். சரிகையில் காட்டும் கவனத்தில் கால்வாசியைப் பானையில் காட்டினால் போதும். வாங்குபவருக்கும் நட்டமில்லை, விற்பவர் பெயரும் கெடாது.

ஈயம் என்ற ஒரு சொல், இரண்டு உலோகம்

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. அடிப்படை இவ்வளவுதான். குழப்பம் வருவது வெள்ளீயத்தின் பெயரில்.

நம் பேச்சில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஈயம் இரண்டு வகை. ஒன்று வெள்ளீயம், இதைத் தகரம் என்றும் சொல்வார்கள். (டப்பா செய்யும் 'தகரம்' இதுவல்ல. அது இரும்புத் தகடு. மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு மட்டும்தான்.) மற்றது காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லை. காரீயம் அப்படியல்ல, நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

காரீயம் நமக்குப் புதியதல்ல. உங்கள் கடையின் இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். குழியில் அடைத்து, அதன்மேல் முத்திரை குத்தியிருக்கிறதே, அதுதான் காரீயம். எடையைச் சரிக்கட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை. ரசம் வைக்க அதைவிடக் கெட்ட பொருளும் இல்லை. விலையிலோ காரீயம் வெள்ளீயத்தைவிட மிக மலிவு. கலப்படத்துக்கு ஆசை பிறக்கும் இடம் இதுதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். காரீயத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரிக் கறுப்புக் கோடு விழும். சுத்தமான வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது. வெள்ளீயக் கட்டியாக இருந்தால் மெல்லிய கம்பியை வளைத்துப் பாருங்கள். மொறுமொறு என்று முனகும். உலோகம் அழுகிறது என்று பட்டறைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். காரீயம் சத்தமில்லாமல் வளையும். எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரே அளவுள்ள வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஒன்றரை மடங்கு கனம். ஈயச் சொம்பு விற்பவர்கள் வாங்குபவரிடம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசமோ தண்ணீரோ உள்ளே இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு அடுப்பிலேயே கரைந்து போகும். புது மருமகள்கள் பலர் இதைத் தெரிந்துகொண்டது சொம்பு போன பிறகுதான்!

நூற்றுக்கு எத்தனை?

வெண்கலம் என்பது ஒரே சரக்கல்ல. வெள்ளீயம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும்.

நூற்றுக்கு 10 பங்கு அளவில் வெள்ளீயம் சேர்ந்தால் உறுதியான, செந்நிறம் கலந்த உலோகம் கிடைக்கும். உடையாது, தேயாது, துருப்பிடிக்காது. செம்பு உருக 1085 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளீயம் சேரச் சேர அந்தச் சூடு இறங்கும், அச்சுக்குள் தாராளமாக ஓடும். சிலை வார்ப்பவர்கள் வெண்கலத்தை விரும்பியது இதனால்தான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்தவர்கள், செம்பு பெரும்பகுதியும் வெள்ளீயமும் காரீயமும் சிறு பகுதியுமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இன்று சுவாமிமலையில் செம்போடு பித்தளையும் காரீயமும் சேர்த்து, பொன்னும் வெள்ளியும் ஒரு துளி இட்டு வார்ப்பது வழக்கம். பஞ்சலோகம் என்று சொல்வது அதைத்தான். சிலைக்குக் காரீயம் சேர்ப்பதில் தவறில்லை. மெழுகு அச்சின் நுணுக்கம் முழுவதும் வார்ப்பில் வர அது உதவுகிறது. சிலையில் யாரும் சோறு வடிப்பதில்லையே.

வெள்ளீயம் 22 பங்குக்கு ஏறினால் கதை வேறு. நிறம் வெளுக்கும். வெண்கலம் என்ற பெயரிலேயே வெண்மை இருக்கிறது, பாருங்கள். ஓசை நீளும். கோயில் மணி இந்த அளவில்தான் செய்யப்படுகிறது. ஆனால் இந்த உலோகம் கண்ணாடி மாதிரி; சாதாரணச் சூட்டில் சுத்தியால் அடித்தால் உடைந்துவிடும். அப்படியானால் இதில் மெல்லிய கிண்ணம் எப்படிச் செய்தார்கள்? செக்கச்செவேல் என்று காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டித் தட்டி மெல்லிதாக்கி, சூடு ஆறுமுன் தண்ணீரில் அமிழ்த்திவிடுவார்கள். இரும்பை அப்படி அமிழ்த்தினால் விறைக்கும். இந்த வெண்கலமோ முறுகும் குணம் குறைந்து வரும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலப் பொருள்களில் இந்த மாதிரி வெள்ளீயம் மிகுந்த மெல்லிய பாத்திரங்கள் உண்டு. கொரியா நாட்டில் இன்றும் விருந்துக்கு வைக்கும் வெண்கலக் கிண்ணங்களுக்குச் செம்பு 78, வெள்ளீயம் 22 என்பதே கணக்கு. கடல் தாண்டிய இரண்டு நாட்டுக் கைவினைஞர்கள் ஒரே எண்ணில் வந்து நின்றிருப்பது ஆச்சரியந்தான்.

இன்னும் மேலே, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் போனால் பாத்திரம் செய்ய முடியாது, முகம் பார்க்கலாம். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி அதுதான். கண்ணாடிச் சில்லே அதில் கிடையாது. உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது.

வெள்ளீயம் நம் நாட்டில் அரிது. சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் கொஞ்சம் கிடைக்கிறது, மற்றதெல்லாம் இறக்குமதிதான். மலேசியாவின் ஈப்போ வட்டாரத்து ஈயச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே வெள்ளீயம் கொடுத்தன. 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்துவந்த பன்னாட்டு வெள்ளீயக் கவுன்சில் பணமில்லாமல் கைவிரித்தது. விலை பாதாளத்துக்குப் போய் அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன. செயற்கையாக விலையைத் தூக்கி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பருப்பு வியாபாரிகளுக்கும் பயன்படக்கூடிய உதாரணம் அது.

பித்தளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுவதற்குள் இது புகையாய்ப் போய்விடும் என்பதால் பித்தளை, வெண்கலத்துக்குப் பின்னால்தான் பரவலாக வந்தது. நெளியும், தகடாக நீளும், மலிவு. அண்டா, குடம், தவலைக்கு அதுவே பொருத்தம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பித்தளைதான்; அதற்காக அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பித்தளையைப் பித்தளை என்று சொல்லி விற்பதில் ஒரு கேவலமும் இல்லை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காது. பாத்திரத்தை விளிம்பில் பிடிக்காமல், அடியில் விரல் நுனிகளில் ஏந்தி, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுங்கள். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் 'ணங்ங்' என்று இழுத்துக்கொண்டே போகும். பித்தளை 'டங்' என்று சொல்லி நின்றுவிடும். காரீயம் கலந்த வார்ப்பு சட்டியைத் தட்டியது போல் மொக்கையாகக் கேட்கும். விரிசல் இருந்தால் ஓசை கரகரக்கும். வெண்கலக் குரல் என்று பாடகர்களைப் புகழ்வது சும்மாவா? ஆனால் ஒன்று: 10 பங்கு வெள்ளீயம் உள்ள தடித்த வெண்கலம் மணிபோல் ஒலிக்காது. ஓசையை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது நிறம். மேற்பரப்பை நம்ப வேண்டாம். மெருகு எதையும் தங்கமாகக் காட்டும். அடிப்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துப் புது உலோகத்தைப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பித்தளை. செம்மண் சாயல் கலந்த மஞ்சள் என்றால் வெண்கலம். வெளுத்துச் சாம்பல் கலந்த பொன்னிறம் என்றால் வெள்ளீயம் மிகுந்த மணி வெண்கலம். கண் பழகும்வரை, நிச்சயமாகத் தெரிந்த ஒரு துண்டுப் பித்தளையையும் ஒரு துண்டு வெண்கலத்தையும் மேசை அறையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எடையை வைத்துச் சொல்லிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெண்கலம் கொஞ்சம் கனம்தான். ஆனால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு நான்கைந்து பங்குக்குள். கையால் தூக்கிச் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு.

உருக்கும் பட்டறையில் இன்னொரு அடையாளம் உண்டு. மூசையிலிருந்து வெள்ளைப் புகை எழும்பி, சுற்றிலும் வெள்ளைப் பொடி படிந்தால் உள்ளே துத்தநாகம் இருக்கிறது என்று அர்த்தம்.

விலையுயர்ந்த பொருளாக இருந்தால் நகைக் கடையில் தங்கம் பார்க்கும் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம். கலவைக்கு ஏற்றபடி அமைத்த கருவி என்றால் செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டும். அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். ஈயம் பூசிய இடத்தில் வைத்தால் ஈயத்தைத்தான் காட்டும். அரம் போட்ட இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பழையதைக் கொடுத்துப் புதியது

உண்மையான நட்டம் நடக்கும் இடம் இதுதான். பாட்டி காலத்து உருளியைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கடைக்கு வருகிறார். மகளுக்குக் கல்யாணம், பழையதைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் எடுக்க வேண்டும். உருளி கறுத்துப் போயிருக்கிறது. கடைப் பையன் தராசில் போட்டு, "பழைய பித்தளை, அஞ்சு கிலோ" என்று குரல் கொடுக்கிறான். அந்த அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது, பையனுக்கும் ஒன்றும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமீப ஆண்டுகளில் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீயம், செம்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலைக்கு விற்றிருக்கிறது. துத்தநாகமோ செம்பு விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 5 கிலோ மணி வெண்கலத்தில் செம்பு 3.9 கிலோ, வெள்ளீயம் 1.1 கிலோ. அந்த 1.1 கிலோ வெள்ளீயம் 3.3 கிலோ செம்புக்குச் சமம். ஆக உருளியின் உலோக மதிப்பு 7.2 கிலோ செம்பின் விலை. அதுவே 5 கிலோ பித்தளை என்றால், 70க்கு 30 கலவையில் செம்பு 3.5 கிலோ, துத்தநாகம் 1.5 கிலோ. துத்தநாகம் அரைக் கிலோ செம்புக்குச் சமம் என்று வைத்தால் மொத்தம் 4 கிலோ செம்பின் விலை. வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல்! 10 பங்கு வெள்ளீயம் மட்டுமே உள்ள வெண்கலம் என்றாலும் 6 கிலோ செம்பின் விலை வருகிறது.

சேதாரம், உருக்குக்கூலி, நம் லாபம் எல்லாம் கழிக்க வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. பழைய பாத்திரம் எல்லாம் சுத்த வெண்கலம் என்றும் நினைத்துவிடக் கூடாது; காரீயமும் துத்தநாகமும் கலந்தவை நிறைய வரும். ஆனாலும் வெண்கலத்தை வெண்கலமாகவே எடைபோட்டு எடுத்தால்தான் நியாயம். இதில் கடைக்காரருக்கும் ஆபத்து இருக்கிறது. புதுச் சரக்கு வாங்கும்போது பித்தளைக்கு வெண்கல விலை கொடுத்து ஏமாறுவது நாம்தான்.

பழையது எடுக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பாத்திரத்தோடு சாமி சிலை ஏதேனும் வந்தால் தராசில் வைக்கவே வைக்காதீர்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மண்ணில் கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டிலிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. ஆட்சியருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். நமக்குத் தெரியாது என்ற பதில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவிடம் செல்லாது.

அடுக்களைக்குள்

செம்பிலும் பித்தளையிலும் புளி, தயிர், எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம். சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் செய்த உணவு உண்ணத் தகுதியற்றது என்று 1955ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே இருந்தது. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலும் அது தொடர்ந்தது. இனிப்புக் கடை, ஓட்டல் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் துடைத்தெடுப்பது பழைய வேலை. செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கிடைக்கிறவரிடம் கொடுக்கும்போது, பூசுவது வெள்ளீயம்தானா என்று மேலே சொன்னபடி தாளில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பாதி காரீயம் கலந்த பற்றீயத்தைக் கொண்டு பூசினால் களிம்புக்குப் பயந்து நஞ்சைத் தடவிக்கொண்ட கதை ஆகிவிடும்.

நல்ல வெண்கலப் பானையில் ஈயம் பூசாமலே பொங்கல் வைப்பது வழக்கம். செம்பைவிட அது மெதுவாகத்தான் களிம்பேறும். ஆனால் மெதுவாக என்றுதான் சொன்னேன். புளிக்குழம்பை அதிலேயே ராத்திரி முழுக்க வைக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பட்டறைகளில் பழைய குழாய் வால்வு, புஷ், மணித் துண்டு எல்லாவற்றையும் ஒரே மூசையில் போட்டு உருக்கிப் பாத்திரம் வார்த்தால் காரீயம் உள்ளே வந்துவிடும். எந்தச் சரக்கை உருக்கினீர்கள் என்று மொத்த வியாபாரியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அரிசி மில்லும் பத்து ரூபாய் நாணயமும்

வெண்கலம் பாத்திரத்தோடு நிற்பதில்லை. நம் பகுதி அரிசி ஆலைகளிலும் மாவு மில்களிலும் ஷாப்ட்டைத் தாங்கும் கன்மெட்டல் புஷ் வெண்கலக் குடும்பம்தான். பழைய கணக்கில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. ஒரு காலத்தில் பீரங்கி வார்த்ததால் அந்தப் பெயர். காரீயம் சேர்ந்த வெண்கலத்துக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது: எண்ணெய் வற்றினாலும் கொஞ்ச நேரம் தாங்கும், தேய்ந்தால் புஷ் தேயும், ஷாப்ட் பிழைக்கும். கடைசல் பட்டறையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பித்தளை புஷ் போட்டவர்கள் சீசன் நடுவில் மில்லை நிறுத்த நேரும். துளி பாஸ்பரஸ் சேர்ந்த பாஸ்பர் வெண்கலம் ஸ்பிரிங்குக்கும் மின்சார சுவிட்சின் உள்தகட்டுக்கும் போகிறது.

அலுமினியம் சேர்ந்த வெண்கலம் ஒன்றும் உண்டு. அதில் வெள்ளீயம் கிடையாது. பெயர் மட்டும்தான் வெண்கலம். கப்பலின் விசிறி அதில் செய்கிறார்கள், உப்புத் தண்ணீரில் அரிக்காது என்பதால். அது நம் கல்லாவிலும் தினமும் விழுகிறது. 2009 முதல் வரும் பத்து ரூபாய் நாணயத்தின் மஞ்சள் வளையம் அதுதான்: செம்பு 92, அலுமினியம் 6, நிக்கல் 2.

நாணயத்துக்கும் வெண்கலத்துக்கும் பழைய உறவு. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா வெண்கலம். 1957இல் வந்த ஒரு நயா பைசாவும் முதலில் வெண்கலம்தான். அப்போதெல்லாம் யாரும் வாங்க மறுக்கவில்லை. பத்து ரூபாய் நாணயத்தைத்தான், பத்துக் கோடு போட்டது செல்லும், பதினைந்து கோடு போட்டது செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால் தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்களே திருப்பிக் கொடுத்தார்கள். 2018 ஜனவரி 17இல் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. நாம் வாங்காவிட்டால் வாடிக்கையாளரும் வாங்கமாட்டார். சில்லறைத் தட்டுப்பாடு நம் தலையில்தான் விடியும்.

பெயருக்கும் சரக்குக்கும் உறவில்லாத சங்கதிகள் இன்னும் உண்டு. சீர்வரிசையில் இப்போது மினுக்கும் ஜெர்மன் சில்வரில் ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி வென்ற வெண்கலப் பதக்கம்கூட, செம்பு 95, துத்தநாகம் 5. நம் கணக்கில் அது பித்தளை! பதக்கத்துக்கு அது குறைவில்லை, ஆனால் பானைக்கு வெண்கல விலை வாங்கிவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

பில்லில் என்ன எழுதுவது?

சுங்கத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் பொதுவான சரக்குப் பட்டியலில் செம்பும் அதன் கலவைகளும் 74ஆம் அத்தியாயம். எது வெண்கலம் என்பதற்கு அங்கேயே விளக்கம் இருக்கிறது. செம்போடு சேர்ந்த மற்ற உலோகங்களில் வெள்ளீயம் முந்தி நிற்க வேண்டும். வெள்ளீயம் நூற்றுக்கு 3 பங்கோ அதற்கு மேலோ இருந்தால், துத்தநாகம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் 10 பங்கை எட்டக் கூடாது. துத்தநாகம் 30 பங்கு உள்ள பானையை வெண்கலம் என்று எழுத இந்த விளக்கத்தில் இடமே இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தொடுகிறது. ஒரு பொருளின் தரம், கலவை பற்றித் தவறாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். மொத்த வியாபாரி சொன்னார், நான் எழுதினேன் என்று தப்பித்துக்கொள்வது எளிதல்ல. பில் நம் பெயரில் இருக்கிறது. எனவே கொள்முதல் பில்லில் உலோகத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுக்கும் மொத்தக் கடையின் சரக்கு என்ன சரக்கு என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

விற்பனை பில்லில் 'பாத்திரம் – 1' என்று எழுதுவதை விட்டு, 'வெண்கலப் பானை, 3 கிலோ 250 கிராம்' என்றோ 'பித்தளைக் குத்துவிளக்கு, 2 கிலோ' என்றோ எழுதலாம். உள்ளே இரும்புத் தண்டோ மண்ணோ மெழுகோ அடைத்திருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். குத்துவிளக்கின் தண்டில் இந்த வேலை நடப்பதுண்டு. மூடி தனி உலோகம் என்றால் அதன் எடை தனி. கணினி பில் போடுகிறவர்கள் சரக்குப் பட்டியலில் வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால், மார்ச் மாதம் இருப்புக் கணக்கு எடுக்கும்போதும் எந்த உலோகம் எத்தனை கிலோ என்று பிரித்துப் பார்க்கச் சௌகரியம். பானையை எடுத்துப் போன அம்மா பில்லையும் பானைக்குள்ளேயே போட்டு வைப்பார். இருபது வருஷம் கழித்துப் பேத்தியின் கல்யாணத்துக்கு அதே பானையைத் திரும்பக் கொண்டுவரும்போது, அப்போது கல்லாவில் இருக்கப் போகும் நம் பிள்ளை அந்தத் தாளைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பான்.